குழாய் இன்னும் எதற்கு? கதீட்டரும் சிறுநீர்த் தொற்றும்

மயூர் விகார் வாசகர்
14 நவம்பர் 2023, இரவு 9.20

அப்பாவுக்கு 76 வயது. தீபாவளிக்கு முந்தைய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இங்கே தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றைக்குப் போட்ட யூரின் டியூப் (கதீட்டர்) இன்னும் இருக்கிறது. பையில் சிறுநீர் கலங்கலாகத் தெரிகிறதென்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். ஈ.கோலை என்ற கிருமி, ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. நன்றாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார். நாளை முதல் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி என்று சொல்கிறார்கள். குழாய் போட்ட அன்றே ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருந்தால் இந்தத் தொற்றே வந்திருக்காது என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? நாங்கள் கேட்கத் தவறிவிட்டோமா?

நாஞ்சில் செவிலி
14 நவம்பர், இரவு 10.45

உண்மை இல்லை. கதீட்டர் போட்டவருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி வராமல் நின்றுவிடாது. சாதாரண மருந்துக்கு மடங்கும் கிருமி போய், எதற்கும் மடங்காத கிருமி வந்து உட்காரும். அதனால்தான் முன்னெச்சரிக்கை மருந்து வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஊசியைப் பற்றி அல்ல. அறுவை சிகிச்சை முடிந்து இத்தனை நாளான பிறகும் அந்தக் குழாய் எதற்காக உள்ளே இருக்கிறது? அறுவை சிகிச்சைக்காகப் போட்ட கதீட்டரை, வேறு காரணம் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவதே நல்லது. காலை ரவுண்ட்ஸில் இதைக் கேளுங்கள்.

கல்ச்சர் முடிவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூறு பேரில் மூன்று முதல் ஏழு பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் குழாயோடு இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி இருக்கும். குழாயின் உள்ளும் புறமும் வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் அவை குடியிருக்கும். மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. கிருமி இருக்கிறது என்பதாலேயே அவருக்குத் தொற்றுநோய் என்று ஆகிவிடாது. நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கமோ வலி, சிறுநீரில் இரத்தம், வேறு காரணம் இல்லாமல் திடீரென்று ஏற்படும் மயக்கக் குழப்பம், இவற்றில் ஏதாவது இருந்தால் அது நோய். கலங்கல், நாற்றம், சீழ் அணுக்கள் ஆகியவை மட்டும் இருந்தால் அதை நோய் என்று முடிவு கட்டக் கூடாது. குழாய் போட்டவரின் சிறுநீரில் சீழ் அணுக்கள் இருப்பது சாதாரணம்.

அறிகுறி ஏதும் இல்லாதபோது மெரோபெனம் எதற்கு என்று மருத்துவரிடம் பணிவாக, ஆனால் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். அவரிடம் நமக்குத் தெரியாத வேறொரு காரணம் இருக்கலாம். இருந்தால் சொல்லட்டும்.

நாஞ்சில் செவிலி
14 நவம்பர், இரவு 11.30

உங்கள் அம்மாவுக்கு இந்தி வராது, பகலில் அவர்தான் கூட இருக்கிறார் என்று தனிச்செய்தியில் எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள்: “டாக்டர் சாப், ஆஜ் பேஷாப் கீ நலீ நிகால் சக்தே ஹை க்யா?” (டாக்டர், இன்று சிறுநீர்க் குழாயை எடுக்கலாமா?) தினமும் காலையில் கேட்கட்டும். மூன்றாம் நாளும் அதே கேள்வி வந்தால் எரிச்சல் படுவார்கள். பரவாயில்லை, கேட்கட்டும்.

நாஞ்சில் செவிலி
15 நவம்பர், காலை 6.15

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். குழாய் எடுக்கும்வரையாவது, சிறுநீர் சேரும் பையை, யூரோபேக்கை, கவனியுங்கள். நேற்று இதை எழுதியிருக்க வேண்டும், மற்றதிலேயே நேரம் போய்விட்டது.

பெரும்பாலான வார்டுகளில் பையைக் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டுகிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம். நோயாளி விழுந்துவிடாமல் இருக்க அந்தக் கம்பியை உயர்த்தினால் பையும் கூடவே உயர்ந்து சிறுநீர்ப்பைக்கு மேலே போய்விடும். கம்பியை இறக்கினால் பையின் அடி தரையில் உரசும். இரண்டுமே தவறு. அசையாத கட்டில் சட்டத்தில், மெத்தைக்குக் கீழே, தரையைத் தொடாமல் மாட்ட வேண்டும்.

எக்ஸ்ரேக்கு அழைத்துப் போகும்போது இன்னும் மோசம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறவர் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலோ இரண்டு கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் முழுவதும், பையிலிருந்த பழைய சிறுநீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருக்கும். தள்ளிக்கொண்டு போகிறவரிடம் “தைலீ நீச்சே” (பையைக் கீழே) என்று சொன்னால் போதும். பெரும்பாலும் உடனே மாற்றி வைத்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பையைக் காலி செய்வது. ஒரே பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவதை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பையின் கீழ்வாய் மக்கின் விளிம்பில் படுகிறது. அடுத்த படுக்கையில் அடுத்தவருடைய பையின் வாயும் அதே விளிம்பில் படுகிறது. ஏழாம் படுக்கைக்காரரின் கிருமி பன்னிரண்டாம் படுக்கைக்கு நடந்து போவது இப்படித்தான். அப்பாவுக்கென்று தனியாக ஒரு பாத்திரம் வாங்கிப் பெயரெழுதி வைத்துவிடுங்கள். காலி செய்கிறவர் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், கையுறை மாற்ற வேண்டும். பை நிரம்பி வழியும்வரை விடக் கூடாது, மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் காலி செய்யச் சொல்லுங்கள்.

குழாயும் பையும் சேருமிடத்தைக் கழற்றவே கூடாது. 1960களுக்கு முன்னால் கதீட்டரின் மறுமுனை திறந்த ஜாடியில்தான் விழும். நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வந்துவிடும். மூடிய பை வந்த பிறகுதான் அந்த வேகம் குறைந்தது. 1966இல் கூனினும் மெக்கார்மக்கும் அதைக் காட்டினார்கள். நம் வார்டில் ஒருவர் அந்த இணைப்பைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், அந்த மூடிய பையால் கிடைத்த பயனைக் கெடுக்கிறார்.

கரோல் பாக் வாசகி
15 நவம்பர், காலை 9.05

தினமும் பெட்டாடின் போட்டுத் துடைக்கச் சொல்லி எங்களுக்குச் சொன்னார்களே?

நாஞ்சில் செவிலி
15 நவம்பர், பிற்பகல் 2.10

சோப்பும் தண்ணீரும் போதும். குளிக்க வைக்கும்போது கழுவுவதைப் போலக் கழுவினால் சரி. குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் மருந்து போட்டுத் துடைப்பதால் தொற்று குறைவதில்லை. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், மலம் கழித்தால் உடனே சுத்தம் செய்ய வேண்டும்.

குழாயைச் செருகுவதற்கு முன்னால் சுத்தம் செய்வது வேறு விஷயம். அந்த நேரத்தில் சலைன் என்ற உப்புநீருக்குப் பதிலாக 0.1 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தினால் தொற்று குறைகிறது என்று 2019இல் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு சொன்னது. செருகுவது முழுக்க முழுக்க ஸ்டெரைல் முறையில், அதாவது கிருமி நீக்கிய பொருள்களோடு, நடக்க வேண்டும். முடிந்ததும் குழாயைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி நிறுத்த வேண்டும். ஒட்டாவிட்டால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் குழாய் உள்ளே போய் வந்து, உள்தோல் உராய்ந்து புண்ணாகும்.

ஆய்வகத்துக்காரர், துவாரகா
15 நவம்பர், மாலை 7.40

எங்களுக்கு வரும் மாதிரிகளில் எது பையிலிருந்து எடுத்தது, எது குழாயிலிருந்து எடுத்தது என்று எழுதியே அனுப்புவதில்லை. நாங்கள் வளர்ந்ததைச் சொல்கிறோம். பழியும் எங்கள் மேல்தான் வருகிறது.

நாஞ்சில் செவிலி
15 நவம்பர், இரவு 8.30

நீங்கள் சொன்னது மிகவும் முக்கியம். மயூர் விகார் தம்பி, மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தீர்களா? பையில் மணிக்கணக்கில் அறையின் சூட்டில் கிடந்த சிறுநீரில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து எடுத்தால் ஒரு லட்சம் வருவதில் வியப்பே இல்லை. குழாயில் அதற்கென்று ஒரு சிறிய ரப்பர் வாய் இருக்கிறது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஸ்டெரைல் ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகி, உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று சந்தேகித்தால், பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாயிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். பழைய குழாயின் படலத்தில் இருப்பதெல்லாம் சிறுநீர்ப்பையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி இல்லாதவருக்குக் கல்ச்சரே அனுப்பாமல் இருப்பது இன்னும் நல்லது. முடிவு கையில் வந்துவிட்டால், அதைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்காமல் இருக்க ஒரு இளம் மருத்துவருக்குத் துணிச்சல் வேண்டும். நள்ளிரவில் தனியாக நிற்கும் ரெசிடென்டிடம் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

மயூர் விகார் வாசகர்
15 நவம்பர், இரவு 10.15

பையிலிருந்துதான் எடுத்தார்களாம், அம்மா பார்த்திருக்கிறார். நாளை காலை சீனியர் டாக்டர் வருகிறார். இன்று இருந்தவர், உள்ளே உலோகம் வைத்திருக்கிறோம், சிறுநீர்க் கிருமி அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நாஞ்சில் செவிலி
16 நவம்பர், காலை 5.50

அந்தப் பயம் அடிப்படை இல்லாதது அல்ல, அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் இதைப் பலரும் ஆராய்ந்துவிட்டார்கள். அறிகுறி இல்லாத சிறுநீர்க் கிருமிக்கு எப்போது மருந்து கொடுக்கலாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப்பாதையிலேயே, உள்தோல் காயப்படும்படி அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். மூட்டு மாற்றுவது உட்பட மற்ற அறுவை சிகிச்சைகளுக்காகத் தேடிப்போய்ச் சோதிக்கவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. சீனியரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாஞ்சில் செவிலி
16 நவம்பர், இரவு 11.00

மெரோபெனம் என்ற பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அது கடைசி வரிசையில் நிறுத்தி வைக்க வேண்டிய மருந்து. தில்லியில் இருக்கும் நாம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

2008 ஜனவரியில் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி வளர்ந்தது. இந்திய வம்சாவளியினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் புது தில்லியில் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். மெரோபெனம் குடும்பத்து மருந்துகளையே உடைத்துப்போடும் புதிய நொதி ஒன்று அந்தக் கிருமியில் இருந்தது. அதற்குத்தான் என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள், என்.டி. என்றால் நியூ டெல்லி. நம் ஊர்ப் பெயரை வைத்தார்கள் என்று இங்கே பெரிய கொந்தளிப்பு எழுந்தது. 2010இல் லான்செட் குழும இதழில் வந்த பெரிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரைப் பற்றிய கோபத்தில் பாதியைக் கிருமியின் மேல் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. உலகமே பேசிய அந்தக் கிருமி முதலில் கிடைத்தது ஒரு சிறுநீர் மாதிரியில் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஐ.சி.யு.வில் கொலிஸ்டினுக்கு மட்டுமே மடங்கும் கல்ச்சர் முடிவுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். கொலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. அறுபது வயதுக்காரருக்கு அதைக் கலந்து ஏற்றிவிட்டு, ஒவ்வொரு நாளும், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலில்லாத ஒருவருக்குப் பையிலிருந்து எடுத்த மாதிரியைப் பார்த்து மெரோபெனம் கொடுப்பதை எதிர்த்து நான் இவ்வளவு எழுதுவது அதனால்தான்.

நாஞ்சில் செவிலி
17 நவம்பர், பிற்பகல் 3.20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர், மருத்துவர்கள் இவ்வளவு அலட்சியமா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி நினைத்து விடாதீர்கள். குழாய் ஏன் மறக்கப்படுகிறது என்பதை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் சஞ்சய் செயின்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உங்கள் நோயாளிகளில் யாருக்குக் கதீட்டர் இருக்கிறது என்று மருத்துவர்களையே கேட்டார்கள். பொறுப்பு மருத்துவர்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு 38 முறை, தங்கள் நோயாளிக்குக் குழாய் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள். பயிற்சி மருத்துவர்களிடம் அந்த விகிதம் குறைவு. பதவி ஏற ஏறக் குழாய் கண்ணிலிருந்து மறைகிறது. போர்வைக்கு அடியில் இருக்கிறது, சத்தம் போடாது, வலி என்று நோயாளி சொன்னாலும் “குழாய் இருந்தால் அப்படித்தான் இருக்கும்” என்று பதில் கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. குழாய் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. இரவில் ஒரு சிஸ்டருக்கு அத்தனை படுக்கைகள். இடுப்பில் அறுவை செய்தவருக்குப் பெட்பேன் வைக்க இரண்டு பேர் வேண்டும், திரை இழுக்க வேண்டும், தூக்கும்போது அவர் வலியில் கத்துவார். குழாய் இருந்தால் இது எதுவும் இல்லை. கூட இருக்கும் மகளோ மருமகளோ பகலெல்லாம் ஓடிவிட்டு இரவில் நாற்காலியில் கண்ணயர்கிறார். அவரும் “இருக்கட்டும் சிஸ்டர், ஊருக்குப் போகும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார். அவருடைய களைப்பு எனக்குத் தெரியும். நானும் அந்த வார்டில்தான் நிற்கிறேன். ஆனால் அந்த வசதிக்கான விலையைக் கொடுக்கிறவர் படுக்கையில் இருப்பவர். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். விழுந்ததில் மணிக்கட்டு முறிவு, கூடவே சர்க்கரை நோய். கால் நன்றாக இருந்தது, எழுந்து நடக்க முடியும். அவசரப் பிரிவில் போட்ட குழாயோடே மேலே வார்டுக்கு வந்துவிட்டார். “என்னைக் கழிவறைக்கு அழைத்துப் போங்கள், நானே போய்க்கொள்வேன்” என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். கேஸ் ஷீட்டில் எழுதினேன். கன்சல்டன்ட் திங்கட்கிழமை வந்து முடிவு செய்வார் என்றார்கள். ஞாயிறு இரவு கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம் வந்தது. இரத்த அழுத்தம் இறங்கி, விடிவதற்குள் ஐ.சி.யு.வுக்குப் போனார். பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் போனார். மணிக்கட்டு முறிவுக்கு வந்தவர்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில், மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல், வகுத்து வைத்த காரணங்களில் எதுவும் இல்லையென்றால் செவிலியரே குழாயை எடுக்கலாம் என்ற விதியைக் கொண்டுவரச் சொல்லிப் போராடியிருக்கிறேன். ஓரிடத்தில் கிடைத்தது. இன்னோரிடத்தில் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாஞ்சில் செவிலி
17 நவம்பர், இரவு 9.45

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். குழாயே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு அது உயிர்காக்கும் பொருள். ஆர்.கே. புரத்தில் இருந்த என் சித்தப்பாவுக்கு பிராஸ்டேட் வீக்கத்தில் ஒரு நாள் சிறுநீர் நின்றுவிட்டது. தொப்புள்வரை பானை போல் எழும்பிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அந்த நிமிடம் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தவர்கள் குழாயைத் திட்ட மாட்டார்கள். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டும், அதற்கும் குழாய் வேண்டும். அசையவே கூடாத முதுகெலும்பு முறிவு, சிறுநீர் பட்டால் ஆறாத பின்புறப் படுக்கைப்புண், கடைசி நாட்களில் நோயாளியின் ஆறுதல், எல்லாம் சரியான காரணங்கள். காரணம் இருந்தால் இருக்கட்டும். காரணம் தீர்ந்த அன்றே எடுக்க வேண்டும்.

இன்னொன்று. கோபத்தில் யாரும் தாங்களே குழாயை இழுத்துவிடாதீர்கள். உள்முனையில் சிறு பலூன் ஒன்று, பெரும்பாலும் 10 மில்லி தண்ணீரோடு உப்பி நிற்கிறது. 1930களில் ஃபோலி என்ற மருத்துவர் வடிவமைத்தது அது, அவர் பெயரில்தான் இன்றும் விற்கிறது. அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுக்காமல் இழுத்தால் பாதை கிழிந்து இரத்தம் கொட்டும். குழப்பத்தில் இருக்கும் முதியவர்கள் இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஜனக்புரி வாசகர்
18 நவம்பர், காலை 10.30

வெள்ளி பூசிய கதீட்டர் என்று விலை அதிகமாக ஒன்று வாங்கச் சொல்கிறார்களே, அது நல்லதா?

நாஞ்சில் செவிலி
18 நவம்பர், பிற்பகல் 1.00

இங்கிலாந்தில் ஏழாயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். குறுகிய காலத்துக்குக் குழாய் போடுகிறவர்களுக்கு, அறிகுறியோடு வரும் தொற்றை வெள்ளி பூச்சு குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அந்தப் பணத்தை இரவில் ஒரு உதவியாள் வைக்கச் செலவழியுங்கள்.

நாஞ்சில் செவிலி
18 நவம்பர், பிற்பகல் 1.25

பார்லி கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு, கிரான்பெரி என்று கேட்டவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பதில். குழாய் இருப்பவருக்கு இவை தொற்றைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. நிறையத் தண்ணீர் போனால் குழாயில் அடைப்பு குறையும், அது நல்லது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு, இளநீரில் பொட்டாசியம் அதிகம். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கரோல் பாக் வாசகி
18 நவம்பர், மாலை 6.10

என் பெரியம்மாவுக்கு நான்கு மாதமாகக் குழாய். நேற்று பை முழுக்க ஊதா நிறமாகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். வேலைக்கு வரும் பெண் பயந்து, ஏதோ விஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெரியம்மா நன்றாகத்தான் இருக்கிறார்.

நாஞ்சில் செவிலி
18 நவம்பர், இரவு 7.00

விஷம் இல்லை, பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

உணவில் உள்ள டிரிப்டோஃபான் என்ற பொருளைக் குடலில் உள்ள கிருமிகள் உடைக்கின்றன. அதிலிருந்து வரும் ஒன்று கல்லீரலில் மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. குழாயில் குடியிருக்கும் சில கிருமிகள் அதை மேலும் உடைத்தால் நீலமும் சிவப்புமாக இரண்டு சாயங்கள் உண்டாகின்றன. அந்த நீலம், துணிக்குப் போடும் அவுரி நீலமேதான். இரண்டும் பையின் பிளாஸ்டிக்கில் ஏறி ஊதாவாகத் தெரிகிறது. படுத்த படுக்கையாக இருக்கும், மலச்சிக்கல் உள்ள வயதான பெண்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். பையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் மலச்சிக்கலைக் கவனியுங்கள், குழாயையும் பையையும் மாற்றச் சொல்லுங்கள். காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

நான்கு மாதமாக ஒரே குழாயா என்று நீங்கள் எழுதவில்லை. நாள் குறித்து வைத்துக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை, அடைப்போ தொற்றோ வந்தால் மாற்ற வேண்டும் என்பது வார்டில் குறுகிய காலம் இருப்பவர்களுக்குச் சொல்லும் விதி. நீண்ட நாள் குழாயோடு வீட்டில் இருப்பவருக்கு, அந்தக் குழாயின் உறையில் எத்தனை வாரம் வைக்கலாம் என்று போட்டிருக்கும். அதைத் தாண்ட விடக் கூடாது. புரோட்டியஸ் என்ற கிருமி இருந்தால் சிறுநீரில் காரத்தன்மை ஏறி உப்பு படிந்து, குழாயின் துளை சுண்ணாம்பு பூசியது போல அடைத்துவிடும். பழைய குழாயை எடுத்ததும் முனையை விரலால் உருட்டிப் பாருங்கள். நறநறவென்று மணல் போலத் தட்டுப்பட்டால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக மாற்ற வேண்டும்.

மயூர் விகார் வாசகர்
19 நவம்பர், காலை 11.40

நேற்று மாலை குழாயை எடுத்துவிட்டார்கள். மெரோபெனம் ஒரே ஒரு வேளை போட்டிருந்தார்கள். சீனியர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் இரவு பதினொன்று வரை அப்பாவுக்குச் சிறுநீர் வரவில்லை. திரும்பவும் குழாய் போடுவார்களோ என்று அம்மா அழுதுவிட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இப்போது எரிகிறது என்கிறார்.

நாஞ்சில் செவிலி
19 நவம்பர், பிற்பகல் 12.15

குழாயை எடுத்த பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை பொறுத்துப் பார்க்கலாம், நடுவில் வயிறு உப்பி வலிக்காமல் இருந்தால். வராவிட்டால் உடனே குழாய் போடக் கூடாது. உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்க வேண்டும். அளவு அதிகமென்றால் ஒரு முறை மட்டும் மெல்லிய குழாயால் வடித்துவிட்டு எடுத்துவிடலாம். மலச்சிக்கலும் வலி மாத்திரைகளில் சிலவும் சிறுநீரை நிறுத்தும், அதையும் கேளுங்கள். அவர் வயதில் பிராஸ்டேட் வீக்கம் இருக்கலாம், சிறுநீர் போவதை எளிதாக்கும் டாம்சுலோசின் மாத்திரை தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

படுத்தபடியே போகச் சொன்னால் பல ஆண்களுக்கு வராது. பிசியோதெரப்பிஸ்ட் அனுமதித்திருந்தால் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்து, யூரின் கேனைக் கையில் கொடுத்துவிட்டு, திரையை இழுத்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

இலேசான எரிச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். அது குறையாமல் கூடினால், அடிக்கடி போக வேண்டியிருந்தால், காய்ச்சல் வந்தால் அது புதிய செய்தி. அப்போது கல்ச்சர் அனுப்புவது நியாயம், மருந்தும் நியாயம். குழாய் எடுத்த இரண்டு நாட்களுக்குள் வந்தால் கதீட்டர் இருந்ததையும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் குழாய் போட்ட தேதியும் எடுத்த தேதியும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

ஜனக்புரி வாசகர்
20 நவம்பர், இரவு 9.30

என் தம்பிக்கு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வயது 29. குழாயை எடுக்கவே முடியாது என்கிறார்கள். வருடத்தில் பலமுறை காய்ச்சலோடு அட்மிட் ஆகிறான். குழாய் இன்னும் எதற்கு என்ற உங்கள் கேள்வி அவனுக்குப் பொருந்தாதுதானே?

நாஞ்சில் செவிலி
20 நவம்பர், இரவு 11.10

நன்றாகவே பொருந்தும். சிறுநீர்ப்பையைத் தானாகக் காலி செய்ய முடியாது என்பது உண்மை. அதற்காக நிரந்தரமாக ஒரு குழாயை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று இல்லை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயைத் தானே செருகி, வடிந்ததும் எடுத்துவிடும் முறை இருக்கிறது. 1972இல் மிச்சிகனில் லாபிடெஸ் என்ற மருத்துவர் இதை வெளியிட்டார். ஸ்டெரைல் இல்லாமல், நன்றாகக் கழுவிய கையோடு சுத்தமாகச் செய்தாலே போதும் என்று அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இன்று முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உலகம் முழுவதும் முதலில் சொல்லும் வழி இதுதான். ஒவ்வொரு முறையும் வடியும் அளவு 500 மில்லியைத் தாண்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். தேங்கி விரிந்தால்தான் கிருமிக்குக் கொண்டாட்டம், சிறுநீரகத்துக்கும் கேடு.

உங்கள் தம்பிக்குக் கை நன்றாக வேலை செய்கிறதா? செய்தால் சில நாட்களில் கற்றுக்கொள்வார். வசந்த் குஞ்சில் உள்ள இந்தியன் ஸ்பைனல் இஞ்சுரீஸ் சென்டர் போன்ற மறுவாழ்வு மையங்களில் இதைக் கேளுங்கள். போகும்போது இதுவரை வந்த கல்ச்சர் முடிவுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் சோதனை எப்போது செய்தார்கள், செய்தார்களா என்பதையும் பார்த்து வையுங்கள். கழுத்துப்பகுதியில் அடிபட்டிருந்தால் கேட்க வேண்டியது வேறு. அடி எந்த எலும்பில் என்று எழுதுங்கள், நாளை பணி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.